ரெட்டினா ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம், பார்வை இன்னும் திரும்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

சோமனூர்_தறி | ஏப்ரல் 14, காலை 7.20

இன்று சித்திரைக் கனி. விடிவதற்கு முன்னால் வீட்டுக்காரம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கனித் தட்டுக்கு எதிரில் உட்கார வைத்தார். கொன்றைப்பூ, மாம்பழம், பலாச்சுளை, வெற்றிலை, அவருடைய வளையல், நடுவில் கண்ணாடி. இரண்டு கண்ணாலும் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் மனசு கேட்கவில்லை, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு ஆபரேஷன் செய்த இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். கண்ணாடியில் என் முகம் இருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம், நெற்றியும் தாடையும் அந்தப் பள்ளத்துக்குள் இழுபட்ட மாதிரி. வருசப் பிறப்பும் அதுவுமாக அழக்கூடாது என்று எழுந்து தறிக்கூடத்துக்கு வந்து இதை எழுதுகிறேன். எழுதுவது என் பையன், சொல்வது நான்.

எனக்கு 52 வயது. 8 தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறோம். ஜனவரி முதல் வாரத்தில் இடது கண்ணில் புகைக்கரியைத் தூவினாற்போல் கறுப்புப் பொடி பறந்தது, இருட்டில் ஓரத்தில் மின்னல் வெட்டியது. ஊர்ப்பக்கத்தில் ஒரு கண் கிளினிக்கில் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வயசானால் பூச்சி பறக்கும், ஒன்றும் இல்லை என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு உள்ளே பார்க்கவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது. ஒரு வாரம் கழித்து மூக்குப் பக்கம் கீழிருந்து கறுப்புத் திரை ஏறியது. அன்றைக்கே ஓடியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு தறிக்குப் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், பிணைக்க வேண்டியிருந்தது, பொங்கலுக்குள் துணியை இறக்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஐந்து நாள் போக்கினேன். திரை நடுவுக்கு வந்துவிட்டது.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பொங்கல் முடிந்த வாரமே ஆபரேஷன். ரெட்டினா, அதாவது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை, கழன்றுவிட்டது, அதன் நடுப்புள்ளியும் சேர்ந்து கழன்றுவிட்டது என்றார்கள். உள்ளே இருக்கிற கூழை எடுத்துவிட்டு கேஸ் வைத்தார்கள். ஏழு நாள் குப்புறப் படுத்துக் கிடந்தேன். மார்ச் நடுவில் கேஸ் முழுதும் கரைந்தது. ஒட்டிவிட்டது, நன்றாக ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் டாக்டர் சொல்கிறார். ஆனால் போர்டில் முதல் எழுத்து மட்டும்தான் தெரிகிறது, 6/60, அதாவது நல்ல கண்ணுக்கு அறுபது மீட்டரில் தெரிவது எனக்கு ஆறு மீட்டரில்தான் தெரிகிறது. ஆறாவது வாரமும் அதுதான், பன்னிரண்டாவது வாரமும் அதுதான்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "இன்னுமா தெரியலீங்க? எங்க மாமியாருக்கு மறுநாளே பேப்பர் படிச்சாங்களே?" இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்படி மெதுவாகத்தான் வருமா, இல்லை இவ்வளவுதானா? யாருக்காவது வந்திருக்கிறதா?

பொள்ளாச்சி_மருமகள் | ஏப்ரல் 14, காலை 9.05

அண்ணா, முதலில் அந்த மாமியார் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டிலும் ரத்தம் கொதித்திருக்கிறது. அவர்களுக்கு நடந்தது புரை ஆபரேஷன். அழுக்குப் படிந்த ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புதுக் கண்ணாடி மாட்டுகிற மாதிரி. மாட்டியதும் வெளிச்சம் வரும். உங்களுக்கு நடந்தது ஜன்னலில் இல்லை, உள்ளே சுவரில். நாலு பேருக்கு விளக்கிச் சொல்லி நான் களைத்துப்போய், கடைசியில் "டாக்டர் ஒரு வருசம் சொல்லியிருக்கிறார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். நீங்களும் அதையே சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு கிடைத்தால் போதும், அடுத்த மாதம் மறுபடி கேட்க மாட்டார்கள்.

குப்புறப் படுத்த ஏழு நாளை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். இனிமேல் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்குப் பத்து நாள். கேஸ் மேலே ஏறும் குணம் உள்ளது, முகம் கீழே இருந்தால்தான் அது கண்ணின் பின்சுவரைப் போய் அழுத்திப் பிடிக்கும், அதற்குத்தான் குப்புறப் படுக்கச் சொல்வது. நாங்கள் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு தலையணையை நடுவில் சந்து விட்டு வைத்து, நெற்றி ஒன்றிலும் தாடை ஒன்றிலும் படுகிற மாதிரி செய்தோம். கீழே தரையில் போன். உட்கார்ந்திருக்கும்போது சாப்பாட்டு மேசையில் கையை மடக்கி அதில் நெற்றி. சாப்பாடு குனிந்தபடி, மோர், காபி எல்லாம் ஸ்ட்ரா போட்டு. மணிக்குப் பத்து நிமிடம் எழுந்து நடக்க விட்டார்கள், அதுவும் தரையைப் பார்த்தபடி. மூன்றாவது நாள் கழுத்து வலி தாங்காமல் சண்டை வந்தது, அதுவும் சகஜம்தான்.

ஈரோடு_கண்கண்ணாடி | ஏப்ரல் 14, மதியம் 2.30

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், பதினைந்து வருடமாகப் போர்டு எழுத்துப் படிக்கச் சொல்வதுதான் வேலை. டாக்டர் இல்லை, உங்கள் கண்ணை நான் பார்க்கவும் இல்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

நடுப்புள்ளி கழன்றதா கழலவில்லையா என்பதுதான் இந்த வியாதியில் தலைவிதி மாதிரி. அதை மாக்குலா என்பார்கள். படிக்கிறது, முகம் அடையாளம் காண்கிறது, ஊசியில் நூல் கோர்க்கிறது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. விழித்திரையின் வெளி அடுக்குக்குச் சாப்பாடு பின்னால் இருக்கிற ரத்தநாளப் படலத்திலிருந்து வருகிறது. கழன்று நிற்கிற நாளெல்லாம் அது பட்டினி. ஆபரேஷன் செய்து ஒட்டினால் சாப்பாடு கிடைக்கத் தொடங்கும், ஆனால் பட்டினியில் சிதைந்த செல்லின் நுனி மறுபடி வளர வேண்டும். அது மாதக்கணக்கு வேலை. பெரும்பகுதி முன்னேற்றம் முதல் மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் தெரியும், அதற்குப் பிறகும் ஒரு வருடம் வரை, சிலருக்கு அதைத் தாண்டியும், கொஞ்சம் கொஞ்சமாக வரும். முழுதும் பழையபடி வருமா என்றால், நடுப்புள்ளி கழன்றவர்களில் பலருக்குக் கொஞ்சம் குறை நின்றுவிடுகிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, ஆபரேஷன் தோற்றதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒட்டியது ஒரு வெற்றி. பார்வை வருவது வேறு கணக்கு.

மூக்கு பள்ளமாகத் தெரிவதும் அதோடு சேர்ந்ததுதான். விழித்திரை ஒட்டும்போது மயிரிழை இடம் மாறினால் நேர்கோடு வளையும். உங்கள் டாக்டர் ஓசிடி என்று விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன் எடுத்திருப்பார், அதில் நடுப்புள்ளிக்கு அடியில் நீர் மிச்சம் இருக்கிறதா, மேலே மெல்லிய தோல் படர்கிறதா என்று தெரியும். அடுத்த தடவை போகும்போது இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. கேஸ் வைத்த கண்ணில் புரை சீக்கிரம் வளரும். 50 தாண்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் வந்துவிடுகிறது. 6/60-லேயே நிற்பதற்கு ரெட்டினா பாதி, புரை பாதி காரணமாக இருக்கலாம். அதையும் கேளுங்கள்.

கோபி_வாத்தியார் | ஏப்ரல் 14, இரவு 8.15

தம்பி, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வலது கண், உங்களுடையதைப் போலவே நடுப்புள்ளியோடு கழன்றது. எனக்கு கேஸ் இல்லை, சிலிக்கான் ஆயில். ஐந்து மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். அந்த ஐந்து மாதமும் தண்ணீருக்குள் கண் திறந்து பார்ப்பது போல்தான் இருந்தது. எண்ணெய் உள்ளே இருந்தால் கண்ணின் பவரே தாறுமாறாக மாறிவிடும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் கண்ணே போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். எடுத்த பிறகு புரை ஆபரேஷன், அதற்குப் பிறகு கண்ணாடி. மொத்தம் 14 மாதம். 6/60-ல் தொடங்கி இப்போது 6/18. தினத்தாள் தலைப்பைத் தாராளமாகப் படிக்கிறேன், உள்ளே பொடி எழுத்துக்கு மற்ற கண்தான்.

எங்கள் பக்கம் கொடிவேரி வாய்க்கால் பாசனம், நெல் வயல்தான் சுற்றி. நாற்றங்காலில் பச்சைப் பசேலென்று இருந்த நாற்றைப் பறித்து வயலில் நட்டால் சில நாளைக்குத் தலை தொங்கி, வெளுத்து, போய்விட்டது என்றே தோன்றும். வேர் பிடித்துப் பச்சை கட்டுவது மண்ணுக்கு அடியில் நடக்கிற காரியம். நட்ட விவசாயி தினமும் போய்ப் பிடுங்கிப் பார்ப்பதில்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல கண்ணைப் பொத்திப் பொத்தி ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறீர்கள்?

சோமனூர்_தறி | ஏப்ரல் 14, இரவு 9.40

ஐயா, எண்ணவில்லை. நாற்பது தடவை இருக்கும். ராத்திரி விழித்தால்கூட ட்யூப்லைட்டைப் போட்டுப் பார்க்கிறேன். பாவைத்தான் பார்ப்பேன். பாவு சுற்றிய பீம் உருளையிலிருந்து வருகிற இழை ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கம்பி இழுத்த மாதிரி நேராக ஓடும், 30 வருசமாகப் பார்த்த காட்சி. இடது கண்ணால் பார்த்தால் நடுவில் ஒரு இருபது முப்பது இழை உள்வாங்கி, இடுப்பு வளைந்த மாதிரி போய், மறுபடி நேராகிறது. அந்த இடத்தில் ஒரு இழை அறுந்தால் எனக்குத் தெரியாது. வீட்டுக்காரம்மாதான் இப்போது எல்லாத் தறிக்கும் இழை போடுகிறார்.

ஈரோடு_கண்கண்ணாடி | ஏப்ரல் 14, இரவு 10.05

அண்ணா, உங்களை அறியாமலே எங்கள் பரிசோதனையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஆம்ஸ்லர் கட்டம் என்று ஒரு அட்டை உண்டு, 10 சென்டிமீட்டர் சதுரத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடி, ஓர் அடி தூரத்தில் வைத்து, புள்ளியைப் பார்த்தபடி எந்தக் கோடு வளைகிறது என்று சொல்ல வேண்டும். ஆம்ஸ்லர் சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர். உங்களுக்குப் பாவே அட்டை. ஆனால் நாற்பது தடவை வேண்டாம்.

கோபி_வாத்தியார் | ஏப்ரல் 15, காலை 6.10

நாற்பது தடவை பார்த்தால் நாற்பது தடவை தோற்பீர்கள் தம்பி. ஒரு மணி நேரத்தில் எந்தக் கண்ணும் மாறாது. நானும் இதே தப்பைத்தான் செய்தேன், என் மனைவி கையைப் பிடித்து நிறுத்தினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும், காலைக் காபிக்குப் பிறகு, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில். கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறோம், பெரிய எழுத்தில் தேதி இருக்குமே, அது. தரையில் டைல்ஸ் கட்டம் கட்டமாக இருக்கிறது. நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, எத்தனை கட்டம் தள்ளி நின்றால் தேதி படிக்க முடிகிறது என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுவேன். முதல் ஞாயிறு ஒன்றரைக் கட்டம். எட்டு வாரம் ஒன்றரைதான். அப்புறம் இரண்டு. ஒரு தடவை ஒன்றே முக்காலுக்குக் குறைந்தது, அன்று முழுதும் சாப்பிடவில்லை, மறுவாரம் பார்த்தால் இரண்டரை. அந்த நோட்டு இல்லையென்றால் வந்துகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. ஞாயிறு போக மற்ற ஆறு நாளும் கண்ணைப் பற்றி எனக்கு வேலை இல்லை, சொட்டு மருந்து தவிர.

காங்கேயம்_தோட்டம் | ஏப்ரல் 15, காலை 11.20

எல்லாரும் படித்தவர்கள், இருந்தாலும் தெரிந்ததைச் சொல்கிறேனுங்க. எங்கள் அமுச்சி காலத்தில் கண் மங்கினால் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவார்கள், தாய்ப்பாலும் விடுவார்கள். பொன்னாங்கண்ணிக் கீரை தினமும் சாப்பிடச் சொல்வார்கள். இங்கிலீஷ் மருந்தோடு இதையும் செய்து பார்த்தால் என்ன?

ஈரோடு_கண்கண்ணாடி | ஏப்ரல் 15, மதியம் 1.15

கீரை தாராளமாகச் சாப்பிடட்டும், வாய் வழியாக. கண்ணுக்குள் மட்டும் எதையும் பிழிய வேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். பூவிலும் இலையிலும் கிருமியும் பூஞ்சையும் இருக்கும். ஆபரேஷன் கண் புண் ஆறாத கண். அறுவடைக் காலத்தில் நெல் சுனை, கரும்புத் தோகை கண்ணில் பட்டு, அதற்கு மேல் எதையாவது பிழிந்துவிட்டு, கருவிழியில் வெள்ளைப் புண்ணோடு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூஞ்சைப் புண் ஆற மாதங்கள் ஆகும், சிலருக்குக் கருவிழியையே மாற்ற வேண்டி வரும். உங்கள் அமுச்சி அன்போடு செய்தார், அன்றைக்கு வேறு வழியும் இல்லை.

காங்கேயம்_தோட்டம் | ஏப்ரல் 15, மதியம் 1.40

சரிங்க. விடமாட்டோம். எங்கள் அப்பாருக்கு அந்தக் காலத்தில் புரை எடுத்தபோது தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்க வைத்தார்களாம், அப்புறம் காலம் முழுக்க சோடாபுட்டிக் கண்ணாடி. அதை நினைத்தால் இன்றைக்கு எவ்வளவோ பரவாயில்லை என்று தோன்றுகிறது.

திருப்பூர்_செக்கிங் | ஏப்ரல் 16, இரவு 10.30

ஷிப்ட் முடிந்து இப்போதுதான் படித்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிறேன், கண்தான் எனக்கும் சோறு போடுகிறது, அதனால் தறி அண்ணா சொன்ன ஒவ்வொரு வரியும் குத்தியது.

எங்கள் அம்மாவுக்கு நடந்தது வேறு. அவிநாசிப் பக்கம், 61 வயது, சர்க்கரை உண்டு. புரை ஆபரேஷன் செய்து மறுநாளே நன்றாகத் தெரிந்தது, ஊரெல்லாம் சொல்லிவிட்டோம். ஆறாவது வாரம் மறுபடி மங்கல். அம்மா சொல்லவில்லை. மகள் செலவு செய்து ஆபரேஷன் செய்தாள், இப்போது தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று மூன்று வாரம் மறைத்திருக்கிறார். பாட்டிலைத் தடவி எண்ணெயா சீயக்காயா என்று பார்த்ததைக் கண்டுதான் எனக்குப் பிடிபட்டது. கூட்டிப்போனால் நடுப்புள்ளியில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்றார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வரக்கூடியதுதானாம். மூன்று மாதம் சொட்டு மருந்து, சர்க்கரையையும் இறுக்கிப் பிடித்தோம், வீக்கம் வடிந்து பார்வை வந்தது.

அதனால் மெதுவாக வருவது வேறு, வந்தது போவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "போகப் போகச் சரியாகும்" என்று உட்காரக்கூடாது. வீட்டுப் பெரியவர்களிடம் வாரம் ஒரு தடவை நாமே கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

சூலூர்_தம்பி | ஏப்ரல் 18, காலை 8.00

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், அவசரம். அக்காவுக்கு கேஸ் வைத்துப் பத்து நாள். நாளை மறுநாள் ஊட்டியில் நெருங்கிய சொந்தத்தில் முகூர்த்தம். காரில்தான், மெதுவாகப் போகலாமா?

ஈரோடு_கண்கண்ணாடி | ஏப்ரல் 18, காலை 8.12

கூடாது. பிளேன் ஏறக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள், மலை ஏறுவதும் அதே கதைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கிற கேஸ் விரியும், விரிய இடம் இல்லாமல் கண் அழுத்தம் ஏறும், ரத்த ஓட்டம் நின்று பார்வையே போகலாம். மெதுவாகப் போனாலும் உயரம் உயரம்தான். வால்பாறையும் வேண்டாம். கையில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள், கேஸ் கரைந்தது என்று டாக்டர் சொல்லும் வரை அதைக் கழற்றக்கூடாது, வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தாலும் அந்தப் பட்டையைக் காட்ட வேண்டும்.

சூலூர்_தம்பி | ஏப்ரல் 18, காலை 8.20

ரொம்ப நன்றி. அக்காவும் நானும் வீட்டிலேயே இருந்துகொள்கிறோம். கண்ணுக்குள் தண்ணீர் ஆடுகிற மாதிரி தெரிகிறது என்று பயப்படுகிறார், அது என்ன?

சோமனூர்_தறி | ஏப்ரல் 18, காலை 9.00

தம்பி, இதை நான் சொல்கிறேன். அது கேஸ் கரைகிற அடையாளம். கொத்தனார் ரசமட்டம் மாதிரி ஒரு கோடு குறுக்கே தெரியும், தலையை ஆட்டினால் ஆடும். கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே மங்கல். ஒவ்வொரு நாளும் கோடு இறங்கும். கடைசியில் கீழே ஓரத்தில் ஒரு கோலிக்குண்டாக உருளும், ஒரு நாள் காலையில் பார்த்தால் இருக்காது. அக்காவிடம் சொல்லு, பயப்பட ஒன்றும் இல்லை.

பொள்ளாச்சி_மருமகள் | ஏப்ரல் 18, இரவு 9.30

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன். எல்லாரும் வந்தது, வருகிறது என்றே எழுதுகிறோம். என் வீட்டுக்காரருக்கு முழுதும் வரவில்லை.

தேங்காய் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் ஆபரேஷன் நன்றாக ஒட்டியது. ஏழாவது வாரம் ஓரத்தில் நிழல் மாதிரி இருக்கிறது என்றார். நான்தான், கேஸ் கரைகிற கோடாக இருக்கும் என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் போனோம். உள்ளே தழும்பு வளர்ந்து ரெட்டினாவை மறுபடி இழுத்துவிட்டது. இரண்டாவது ஆபரேஷன், ஆயில், அப்புறம் அதை எடுக்க மூன்றாவது. ஒட்டி நிற்கிறது, ஆனால் 6/60-க்கு மேல் ஏறவில்லை, இனிமேல் ஏறாது என்று டாக்டர் நேர்மையாகச் சொன்னார். இரண்டு நாள் முன்னால் போயிருந்தால் மாறியிருக்குமா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதம்மா என்றார். அதை நம்ப எனக்கு ஒரு வருடம் ஆனது.

புது நிழல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், திடீரென்று மங்கினாலும், வலியோடு சிவந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காதீர்கள். நல்ல கண்ணையும் மருந்து விட்டு முழுதும் பார்க்கச் சொல்லுங்கள், அதிலும் பலவீனமான இடம் இருந்தால் முன்கூட்டியே லேசர் வைத்துவிடுவார்கள். இவருக்கு வைத்தார்கள். அந்த ஒரு கண்தான் இன்றைக்கு எங்கள் வீட்டை நடத்துகிறது. வண்டியை விற்றுவிட்டோம், இப்போது மட்டை மில்லில் கணக்குப் பார்க்கிறார்.

திருப்பூர்_செக்கிங் | ஏப்ரல் 18, இரவு 11.10

அக்கா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொன்னதற்கு நன்றி. நீங்கள் செய்தது தப்பு இல்லை.

சோமனூர்_தறி | ஏப்ரல் 26, காலை 6.30

அம்மா, நீங்கள் எழுதியதை வீட்டுக்காரம்மாவும் நானும் சேர்ந்து படிக்கக் கேட்டோம். ஐந்து நாள் போக்கிய என் குற்றமும் உங்கள் இரண்டு நாளும் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. வலது கண்ணை நேற்றே காட்டிவிட்டேன், ஓரத்தில் ஒரு இடம் மெலிந்திருக்கிறது என்று லேசர் வைத்தார்கள். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

இன்றைக்கு ஞாயிறு. எங்கள் கூடத்திலும் டைல்ஸ்தான். காலண்டர் 26 என்று காட்டியது. ஒரு கட்டம். நோட்டில் எழுதிவிட்டோம். ஒரு சந்தேகம் ஐயா, ஒற்றைக் கண்ணில் எப்படிச் சமாளித்தீர்கள்? டம்ளரில் காபி ஊற்றினால் வெளியே போகிறது. டிவிஎஸ் எக்ஸெல்லை எடுக்கவே பயமாக இருக்கிறது.

கோபி_வாத்தியார் | ஏப்ரல் 26, காலை 7.45

வண்டியை டாக்டர் சொல்லும் வரை தொடாதீர்கள். தூரம் கணிப்பது இரண்டு கண்ணும் சேர்ந்து செய்கிற வேலை, ஒன்று மங்கினால் மூளைக்குப் புதுக் கணக்குப் பழக மாதங்கள் ஆகும். காபிக்கு வழி எளிது: சொம்பின் விளிம்பு டம்ளரின் விளிம்பைத் தொட்ட பிறகு ஊற்றுங்கள், அடியில் ஒரு தட்டு. படியிறங்கும்போது கைப்பிடி, முதல் படியும் கடைசிப் படியும் காலால் தடவி. எங்கள் வீட்டுப் படி விளிம்பில் மனைவி வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டார். தறிக்கூடத்தில் இடது பக்கமாக யாரும் சத்தமில்லாமல் வந்து நிற்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் திடுக்கிட்டுத் திரும்புவது ஆபத்து.

ஈரோடு_கண்கண்ணாடி | ஏப்ரல் 26, காலை 10.20

சொட்டு மருந்து விடும்போது அடுத்தடுத்த மருந்துக்கு இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள், பால் மாதிரி வெள்ளையாக இருக்கிற மருந்தை நன்றாகக் குலுக்கிவிட்டு விடுங்கள். ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், அதனால் தேதி தவறாமல் அழுத்தம் பார்க்கப் போக வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறது என்று தானாக நிறுத்தவும் கூடாது, தானாகத் தொடரவும் கூடாது.

சோமனூர்_தறி | ஜூலை 12, காலை 8.30

கேட்டுவிட்டுக் காணாமல் போனவன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பன்னிரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. நோட்டில் இருப்பதை அப்படியே சொல்கிறேன்: ஒரு கட்டம், ஒன்று, ஒன்று, ஒன்றே கால், ஒன்று, ஒன்றரை, ஒன்றரை, ஒன்றே முக்கால், ஒன்றரை, இரண்டு, இரண்டு, இன்றைக்கு இரண்டே கால். ஆஸ்பத்திரியில் போர்டில் இரண்டாவது வரி முழுதும் படித்தேன், 6/36. புரை வளர்ந்துவிட்டதாம், அதை எடுத்தால் இன்னும் கொஞ்சம் வரலாம் என்றார். ஸ்கேனில் நீர் இல்லை, தோலும் படரவில்லை. ஆடி போகட்டும் என்று அம்மா சொல்கிறார், ஆவணியில் நாள் வாங்கியிருக்கிறோம். ஒட்டி நன்றாக நிற்பதால் ஒரு மாதம் தள்ளுவதில் பாதகம் இல்லை என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் தள்ளினேன்.

வளைவு இன்னும் இருக்கிறது. நேற்று ஒரு தறியில் பாவு தீர்ந்தது. வீட்டுக்காரம்மா புதுப் பீமை ஏற்றிவிட்டு, உட்காருங்கள் என்று பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கண்ணும் திறந்து, விரலால் தடவி, பழைய இழையையும் புது இழையையும் சேர்த்து முறுக்கி நாற்பது இழை பிணைத்தேன். முன்பு அது ஐந்து நிமிட வேலை, நேற்று அரை மணி நேரம் ஆனது. நாற்பதில் இரண்டு அறுந்தது. மிச்சத்தை அவர் பிணைத்தார், சாயங்காலம் தறி ஓடியது.

பொள்ளாச்சி அம்மா, அண்ணன் எப்படி இருக்கிறார்? மில்லில் ஆவணி மாதம் லீவு கிடைத்தால் ஒரு நாள் இரண்டு பேரும் சோமனூர் வாருங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பையன் வந்து கூட்டிவருவான்.